நகராட்சிக் கட்டடத்தில் சோலார்: மின் அட்டையில் தொடங்கிப் பதிவேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நகராட்சிப் பள்ளிக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். பேனலில் வரும் மின்சாரத்தைக் கட்டடம் பயன்படுத்தும்படி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டர் படிக்கட்டுக்குக் கீழே மாட்டியிருந்தது, அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இன்வெர்ட்டரின் உள்பதிவைத் திறந்து பார்த்தால் ஏழு மாதம். மாடியில் ஒரு கேபிள் இணைப்புக்குள் மழைநீர் இறங்கியதுதான் கோளாறு. சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். அந்தப் பள்ளியின் மின் கட்டணத்தை நகராட்சி அலுவலகம் கட்டுகிறது, அதனால் தலைமையாசிரியர் கைக்குப் பில் வருவதில்லை. அலுவலகத்தில் பில் கட்டுபவருக்கோ அந்தப் பள்ளி மாடியில் சோலார் இருப்பதே தெரியாது. 10 கிலோவாட் அமைப்பு ஏழு மாதம் படுத்துக் கிடந்ததில் எட்டாயிரம் யூனிட்டுக்கு மேல் வீணாய்ப் போனது. அது ஊர் மக்கள் கட்டிய வரிப்பணம்.

பேனல் ஏற்றுவது ஒரு மாத வேலை. அதை 25 வருடம் ஓட வைப்பதுதான் நகராட்சியின் வேலை. கவுன்சிலர், நகராட்சிப் பொறியாளர், அலுவலகக் கண்காணிப்பாளர், ஊரில் அக்கறையுள்ள யாரானாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கீழே வரும் படிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டு நகராட்சியை வைத்தே எழுதுகிறேன்.

மின் அட்டைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள்

நகராட்சியின் பேரில் எத்தனை மின் இணைப்புகள் இருக்கின்றன என்று கேட்டால் பல இடங்களில் உடனே பதில் வராது. அலுவலகம், பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாயக் கூடம், பேருந்து நிலையம், அறிவுசார் மையம், நுண் உரக்கூடம், குடிநீர் நீரேற்று நிலையம், கழிவுநீர் நிலையம், தெருவிளக்குப் பெட்டிகள் என்று நூறைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் மின் இணைப்பு எண், கட்டணப் பிரிவு, அனுமதிக்கப்பட்ட மின்பளு, ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, கடந்த ஓராண்டு யூனிட் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். ஓராண்டு கட்டாயம் வேண்டும். இரண்டு பில்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சித்திரை வெயிலில் ஏசி ஓடிய பில்லும் மார்கழிக் குளிரில் வந்த பில்லும் ஒன்றல்ல.

இந்தத் தாளைப் போடும்போதே சில விஷயங்கள் கண்ணில் படும். இடித்துவிட்ட கட்டடத்துக்கு இன்னும் குறைந்தபட்சக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். மின்பளு தேவைக்கு மேல் இருக்கும், அல்லது போதாமல் இருக்கும். இவற்றை முதலில் சரிசெய்துவிடுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி சோலாரின் அளவு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக்கூடாது என்பதால், மின்பளு என்னவென்று தெரியாமல் பேனல் கணக்குப் போடுவதில் பயனில்லை.

இன்னொன்றும் தெரியவரும். பெரும்பாலான நகராட்சிகளில் பெரிய செலவு அலுவலகக் கட்டடத்தில் இல்லை. குடிநீர் பம்புகளும் தெருவிளக்கும்தான் பணத்தை விழுங்குகின்றன. தெருவிளக்கு இரவில் எரிவது; அதற்கு எல்.இ.டி.யும் நேரக் கட்டுப்பாட்டுக் கருவியும்தான் மருந்து. பம்பைப் பகலில் ஓட்டலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிலோவாட் பேசுவதற்கு முன் மின்விசிறியைப் பாருங்கள்

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனும் புதுவகை மோட்டார் வைத்த மின்விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். ஓர் அலுவலகத்தில் 50 விசிறிகள் தினம் 8 மணி நேரம் ஓடினால் மாற்றியபின் மிச்சமாவது 18 யூனிட். அந்த 18 யூனிட்டை சோலாரில் எடுக்கவேண்டுமானால் நாலரை கிலோவாட் பேனல் ஏற்றவேண்டும், கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால்கூட மொத்தம் ஒன்றரை லட்சம்தான். பழைய டியூப்லைட்டுக்கும் இதே கணக்குதான். முதலில் இதை முடித்துவிட்டு, குறைந்த தேவைக்கு ஏற்ப சோலார் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் வீணாகும் மின்சாரத்துக்குப் பேனல் வாங்கினதாக ஆகிவிடும்.

மாடி ஏறுங்கள், பொறியாளரோடு

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போதைய 540, 550 வாட் பேனல்களில் அதைவிடக் குறைவான இடமே போதும், ஆனால் நடைபாதைக்கும் ஓரத்துக்கும் இடம் விடவேண்டியிருப்பதால் 100 சதுர அடி என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பேனல் ஏழரை அடி நீளம், 28 கிலோ எடை. தாங்குசட்டத்தோடு சேர்த்தால் எடை பரவலாகத்தான் விழும். நல்ல கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய சுமையல்ல.

நம் ஊர்களில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய நகராட்சி அலுவலகங்கள், பள்ளிகள் பல மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவை. தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல்லை நிறுத்திவைத்து சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. அதில் டிரில் போட்டு போல்ட் இறக்கினால் பிடிக்காது, செங்கல்தான் பெயரும். உத்தரம் எந்தத் திசையில் ஓடுகிறது, முனைகள் கரையான் அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் அங்கே எதையும் ஏற்றக்கூடாது. சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள், பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அப்படியே, தொடவே வேண்டாம். சென்னை ரிப்பன் மாளிகைபோல நூறாண்டு கண்ட பாரம்பரியக் கட்டடங்கள் பல ஊர்களில் சிறிய அளவில் உண்டு. அவற்றின் முகப்பை மறைத்து இரும்புச் சட்டம் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். பின்னால் இருக்கும் புதிய இணைப்புக் கட்டடம் போதும்.

கான்கிரீட் தளமாக இருந்தாலும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டு ஓடு பதித்திருப்பார்கள். மழைநீர் இறங்காமல் காப்பது அந்த அடுக்குதான். ஒப்பந்ததாரர் அதைத் துளைத்துக் கால்களை நட்டுவிட்டுப் போனால் அடுத்த ஐப்பசியில் கீழே கோப்புகள் நனையும். ஓட்டின்மேலே கான்கிரீட் கட்டைகள் வார்த்து, அவற்றின் எடையிலேயே சட்டம் நிற்கும்படி செய்யலாம். காற்றின் வேகம் காரணமாகத் துளைத்தே ஆகவேண்டும் என்றால் துளைத்த இடம் ஒவ்வொன்றையும் நீர்க்காப்பு செய்து, தண்ணீர் நிறுத்திச் சோதித்து, அதற்கு ஐந்து வருடப் பொறுப்பு எழுதி வாங்குங்கள். கூரைக்கு இன்னும் சில வருடத்தில் பராமரிப்பு வரும் என்று தெரிந்தால் அந்த வேலையை முன்பே முடித்துவிடுவது மேல். பேனலைக் கழற்றி மாட்டுவது இரட்டைச் செலவு.

காற்று விஷயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகம் சொல்கிறது. திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கத்தையும் என்ன செய்தன என்று நாம் பார்த்தோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பழமொழி தென்காசி, தேனி, உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. எனவே தாங்குசட்டத்துக்கான வடிவமைப்புக் கணக்கு உங்கள் ஊர்க் காற்று வேகத்தை வைத்துப் போடப்பட்டதா என்று பாருங்கள். மாடியைப் பயன்படுத்த வசதியாக ஏழெட்டு அடி உயரத்தில் பேனலைத் தூக்கி நிறுத்தினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். அந்தச் சட்டம் கனமாக, விலை கூடுதலாக இருக்கத்தான் செய்யும்.

நிழல்: மார்கழியிலும் ஆனியிலும்

பேனலைத் தெற்கு பார்த்து, 10 முதல் 13 பாகை சாய்த்து வைப்பது நமக்கு ஏற்றது. 10 பாகைக்குக் கீழே போனால் மழை பேனலைக் கழுவிவிட்டுப் போகாது, கீழ் விளிம்பில் சேறு தங்கும்.

நிழலைப் பார்க்க டிசம்பர் 21ஐ ஒட்டி, காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியில் நில்லுங்கள். அன்று சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும். காலை 9 மணிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் அதன் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளும். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் நாம் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். சித்திரை கடந்தபின் ஆவணி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் வடக்குப் பக்கமாக ஒட்டி நிற்கும் செல்போன் கோபுரமோ படிக்கட்டு அறையோ அந்த மாதங்களில் பேனல்மேல் நிழல் போடும். வட இந்தியாவுக்கு எழுதிய கையேட்டில் இது இருக்காது.

ஒரு பேனலில் கால்வாசி நிழல் விழுந்தால் கால்வாசி மின்சாரம்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். தொடராக இணைத்த வரிசையில் ஒரு பேனல் தடுமாறினால் முழு வரிசையும் பாதிக்கப்படும். அதற்காகப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தை வெட்டச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு பேனலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரம் கீழே இருக்கும் வகுப்பறையைக் குளிர வைக்கிறது, அதுவும் மின்சார சேமிப்புதான்.

உண்மையான கணக்கு

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், ஆண்டுக்கு 1,400 முதல் 1,500. இதை வைத்து விற்பனையாளர் ஒரு கணக்குக் காட்டுவார். 20 கிலோவாட், ஆண்டுக்கு 29,200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,33,600 ரூபாய் மிச்சம். செலவு 11 லட்சம் என்றால் ஐந்து வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நகராட்சி அலுவலகம் காலை 10 மணிக்குத் திறக்கிறது. சூரியன் ஆறரைக்கே வந்துவிடுகிறார். சனி, ஞாயிறு விடுமுறை. இந்த நேரங்களில் வரும் மின்சாரத்தைப் பயன்படுத்த உள்ளே ஆள் இல்லை, அது மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. அப்படிப் போகும் யூனிட்டுக்கு என்ன விலை? 2021இல் வந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் நெட் மீட்டரிங், அதாவது கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை, வீட்டு இணைப்புகளுக்குத்தான். அலுவலகம் போன்றவற்றுக்கு நெட் ஃபீட்-இன்: வெளியே போகும் யூனிட்டுக்குத் தனி விலை, அது நாம் வாங்கும் விலையைவிட நன்றாகவே குறைவு.

இப்போது கணக்கை மறுபடி போடுவோம். வேலை நாள் 245. அன்று உற்பத்தியாகும் 80 யூனிட்டில் 60 உள்ளேயே செலவாகிறது. விடுமுறை நாள் 120. சர்வர், தண்ணீர் மோட்டார், காவலர் அறை எல்லாம் சேர்த்து 15 யூனிட். ஆகமொத்தம் 16,500 யூனிட் சொந்தப் பயன்பாடு, அதன் மதிப்பு 1,32,000 ரூபாய். மீதி 12,700 யூனிட் வெளியே போகிறது. யூனிட் 3 ரூபாய் என்று வைத்தால் 38,100. மொத்தம் 1,70,100. பராமரிப்புக்கு 15,000 கழித்தால் 1,55,000 சொச்சம். 11 லட்சம் திரும்பிவர ஏழு வருடம் ஆகும்.

ஏழு வருடமும் நல்ல முதலீடுதான், பேனலின் ஆயுள் 25 வருடம். ஆனால் மன்றத்தில் ஐந்து வருடம் என்று சொல்லிவிட்டு ஏழாவது வருடம் வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நான் சொன்ன 8 ரூபாய், 3 ரூபாய் இரண்டும் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் கட்டணப் பிரிவுக்கு அன்றைய விலை என்னவென்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதைப் போடுங்கள். பள்ளிக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும்: வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும். அதனால் பள்ளிக்குச் சின்ன அமைப்பு, சுகாதார நிலையத்துக்கும் நீரேற்று நிலையத்துக்கும் பெரிய அமைப்பு என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அளவைக் குறைப்பது ஒரு வழி என்றால், வேலையை வெயிலுக்கு நகர்த்துவது இன்னொரு வழி. மேல்நிலைத் தொட்டியை விடியற்காலையில் நிரப்புவதற்குப் பதில் முந்தின நாள் பகல் 11 மணிக்கு நிரப்பலாமா? தொட்டியின் கொள்ளளவு இடம் கொடுத்தால் அதுவே உங்கள் பேட்டரி, தனிச் செலவில்லாதது. இந்தூர் மாநகராட்சி நர்மதை நீரை மேலேற்ற ஆகும் மின்செலவுக்காக 2023 பிப்ரவரியில் 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. 60 மெகாவாட் சோலாருக்கான பணம் அது, பொதுமக்களும் வாங்கினார்கள். நம் பக்கத்தில் கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைத் தனக்கென நிறுவிக்கொண்டது. ஓர் ஊராட்சி செய்ததை நகராட்சி செய்ய முடியாதா என்ன?

பணம் எங்கிருந்து

வீடுகளுக்கு ஒன்றிய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அந்த மானியம் நகராட்சிக் கட்டடத்துக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் மதிப்பீட்டில் மானியத்தைச் சேர்த்து எழுதி, பிறகு பணம் போதாமல் நின்ற இடங்கள் உண்டு.

இரண்டு வழிகள் இருக்கின்றன. நகராட்சி தன் பொதுநிதியிலோ திட்ட நிதியிலோ வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வது முதல் வழி. பள்ளி, நூலகம் போன்றவற்றுக்கு, அரசோடு பொதுமக்களும் பங்கு போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களையும் வியாபாரிகளையும் சேர்க்கலாம். இரண்டாவது ரெஸ்கோ முறை: நிறுவனம் தன் பணத்தில் அமைக்கும், நாம் 25 வருடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டுவோம். முதலீடு இல்லை, பராமரிப்பும் அவர்கள் தலையில். ஓடினால்தான் அவர்களுக்குக் காசு என்பதால் சிவப்பு விளக்கு ஏழு மாதம் எரியாது. ஆனால் நகராட்சி பணம் தர இழுத்தடிக்கும் என்ற பயத்தையும் சேர்த்தே அவர்கள் விலை சொல்வார்கள். சிறிய கட்டடங்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள்; எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்குங்கள். கையில் பணம் இருந்து, பார்த்துக்கொள்ள ஒரு மின் பணியாளரும் இருந்தால் முதல் வழிதான் லாபம். ஆள் இல்லை என்றால் ரெஸ்கோ. என் அபிப்பிராயம் இவ்வளவுதான்.

தீர்மானமும் டெண்டரும்

2012 அக்டோபரில் வந்த தமிழ்நாடு சூரிய சக்திக் கொள்கையிலேயே அரசு, உள்ளாட்சிக் கட்டடங்களில் மேற்கூரை சோலார் வேண்டும் என்று இருந்தது. கொள்கை என்றோ வந்துவிட்டது, தீர்மானம் எழுத வேண்டியது நாம்தான். மன்றப் பொருளில் செலவை மட்டும் எழுதாமல், எந்தப் பதவியில் இருப்பவர் மாதாமாதம் உற்பத்தியைப் பார்த்துக் கையெழுத்திடுவார் என்றும் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், பதவி போதும், ஆள் மாறுவார்.

டெண்டர் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கும். குறைந்த விலைக்காரருக்குத்தான் போகும் என்பதால் தரத்தை நிபந்தனையிலேயே கட்டிப்போட வேண்டும். பேனல் ஒன்றிய அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கவேண்டும், அது ஏ.எல்.எம்.எம். எனப்படுகிறது. 25 வருடம் கழித்தும் 80 சதவீதத் திறன் என்ற உத்தரவாதம் வேண்டும். தாங்குசட்டத்துக்கு 80 மைக்ரான் சூடான துத்தநாகப் பூச்சு, போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகு. நாகப்பட்டினம், தூத்துக்குடி, கடலூர்போல உப்புக் காற்று ஊர் என்றால் ஐ.இ.சி. 61701 உப்புப்புகைச் சோதனைச் சான்றும் கேளுங்கள். மின் தடையின்போது தானே நின்றுகொள்ளும் இன்வெர்ட்டருக்கு ஐ.எஸ். 16169 சான்று.

எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை உற்பத்தி உத்தரவாதம். கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 யூனிட், குறைந்தால் குறைந்த யூனிட்டுக்கு மின் கட்டண விலையில் பிடித்தம். ஐந்து வருடப் பராமரிப்பை ஒப்பந்த விலைக்குள்ளேயே சேர்த்து, ஒரு பகுதிப் பணத்தை வருடத்துக்கு இவ்வளவு என்று கடைசி வரை நிறுத்திவைத்துக் கொடுங்கள். முழுப் பணத்தையும் திறப்புவிழா அன்றே கொடுத்துவிட்டால் அப்புறம் போன் எடுக்கமாட்டார்கள்.

மாடியில் வேலை நடக்கும்போது

நகராட்சி மின் பணியாளர் ஒருவர் முதல் நாளிலிருந்து கூடவே நிற்கட்டும், நாளை இதைப் பார்க்கப்போவது அவர்தான். அவர் கவனிக்க வேண்டியவை: இடிதாங்கி, நேர்மின்சாரப் (டி.சி.) பக்கம், மாறுமின்சாரப் (ஏ.சி.) பக்கம் மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி; கேபிள் எல்லாம் குழாய்க்குள்; கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில் ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை ஒரு கம்பெனி என்று கலக்காமை. கலந்தால் பிடிமானம் சரியாக இராது, சூடேறிக் கருகும். சோலார் தீ விபத்துகளுக்கு இது ஒரு பெரிய காரணம். குரங்கு நடமாட்டம் உள்ள ஊர்களில் தொங்கும் கேபிள் ஒரு வாரம் தாங்காது. புறா கூடுகட்டாமல் இருக்கப் பேனலின் ஓரத்தில் வலை அடியுங்கள்.

இரண்டு விஷயங்களை மதிப்பீட்டில் மறந்துவிடுகிறார்கள்: வரிசைகளுக்கு இடையே கால் வைத்து நடக்க இடம், மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாய் இல்லாத மாடியில் பேனல் கழுவுவது வாளியைச் சுமக்கும் வேலையாகிவிடும். இரண்டாவது மாதமே நின்றுபோகும்.

இன்வெர்ட்டரை நிழலில், காற்றோட்டமான சுவரில், ஆட்கள் தினம் கடந்துபோகும் இடத்தில் மாட்டுங்கள். பூட்டிய அறையில் வேண்டாம். பகலில் மெயினை அணைத்தாலும் பேனலிலிருந்து வரும் கம்பியில் நேர்மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்று தமிழில் எழுதி ஒட்டி, தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு வரைபடம் கொடுத்துவிடுங்கள்.

மின்தடை வந்தால் சோலாரும் நின்றுவிடும் என்பதை எல்லோருக்கும் முன்பே சொல்லுங்கள். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. தடுப்பூசிக் குளிர்பெட்டி உள்ள சுகாதார நிலையத்துக்கு மட்டும் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு போடலாம். எல்லாக் கட்டடத்துக்கும் பேட்டரி என்று ஆசைப்பட்டால் சில வருடத்தில் மாற்றுச் செலவு வரும். ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தில் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் கருவி இருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள்.

ஈ.பி. இணைப்பு

விண்ணப்பத்தை வேலை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் டிரான்ஸ்ஃபார்மரில் இடமிருக்கிறதா என்று பார்ப்பார். அமைப்பு பெரிதாக இருந்தால் மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். இருவழி மீட்டர், எம்.ஆர்.டி. எனும் மின்வாரிய மீட்டர் சோதனைப் பிரிவில் சோதனையாகி வரும். பேனல் தயாராகி மீட்டருக்காகக் காத்திருந்த கட்டடங்களை நிறையப் பார்த்தாயிற்று. மீட்டர் மாட்டியபின் வரும் முதல் இரண்டு பில்லையும் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் இணைப்பின் வகை மாற்றப்படாமல் பழையபடியே பில் வந்தால் நாம் கொடுத்த யூனிட்டுக்குக் கணக்கே இருக்காது.

ஒப்படைப்பு, பதிவேடு, பராமரிப்பு

இன்வெர்ட்டரின் செயலிக் கணக்கை ஒப்பந்ததாரர் தன் கைப்பேசி எண்ணில் தொடங்கிக் கொடுப்பார். ஏற்காதீர்கள். நகராட்சியின் அலுவல் மின்னஞ்சலில் தொடங்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் கோப்பில் இருக்கட்டும். ஆணையர் மாறுவார், பொறியாளர் மாறுவார், கணக்கு மாறக்கூடாது. தரவு அனுப்பும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது யார் என்றும் எழுதுங்கள். அது தீர்ந்தால் செயலி இருண்டுவிடும். பேனல் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாது.

அதனால்தான் நான் காகிதப் பதிவேட்டைக் கேட்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உற்பத்தி மீட்டரின் எண்ணை எழுதுங்கள், முந்தைய வாரத்தைக் கழியுங்கள். 20 கிலோவாட் என்றால் வாரம் 560 யூனிட் வரவேண்டும். மழையில்லாத வாரத்தில் 450க்குக் கீழே போனால் அன்றே புகார். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம், இரண்டு நிமிடம் போதும். பள்ளியாக இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அறிவியல் ஆசிரியர் மேற்பார்வையில் அவர்கள் ஒரு வாரமும் விடமாட்டார்கள். சுவரில் பெரிய எழுத்தில் அந்த வார யூனிட்டை எழுதி வைத்தால் வருகிற பெற்றோரும் கேட்பார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேனலைக் கழுவுங்கள். பேருந்து நிலையம், செங்கல் சூளைப் பக்கம் என்றால் வாரம் ஒருமுறை. போகி முடிந்த மறுநாள் கட்டாயம். விடியற்காலையில் கழுவவேண்டும், கொதிக்கும் கண்ணாடியில் உச்சிவேளையில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது. காய்ந்தால் உப்புக்கறை படிந்து பிறகு சுரண்டினாலும் போகாது. குடிநீரோ சேமித்த மழைநீரோ கொஞ்சமாகப் போதும், மென்மையான துடைப்பான். கழுவுபவருக்கு இடுப்புக் கயிறும் நல்ல செருப்பும் வாங்கிக்கொடுப்பது நம் கடமை. கைப்பிடிச்சுவர் இல்லாத மாடிகள் நம் ஊரில் நிறைய.

மே மாத உச்சிவெயிலில் உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் பயப்படவேண்டாம். பேனலின் திறன் 25 பாகை வெப்பத்தில் அளந்தது. பேனல் சூடு 60ஐத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு வரை குறையும். மேகம் கலைந்த தை, மாசி நாட்களில் நன்றாக ஓடும்.

வருடம் ஒருமுறை போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்து, எர்த் அளந்து, கனெக்டர்களில் சூடு இருக்கிறதா என்று வெப்பக் கேமராவில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், இதை வைத்துக்கொள்வது நல்லது. இன்வெர்ட்டர் பேனல் அளவுக்கு உழைக்காது; பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும். மிச்சமாகும் பணத்திலிருந்து ஆண்டுக்குக் கொஞ்சம் அதற்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல்லி முதல் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆயுள் முடிந்த பேனல்கள் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. உடைந்த பேனலைக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பாமல் பதிவேட்டில் எண்ணோடு எழுதிக் கிடங்கில் அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள்.